சாய்ந்த சில்லு: ஓடுகிற காரைப் படமெடுத்த நூறாண்டுக் கதை



2025ஆம் ஆண்டுக் கோடையில் நமது நேரடி நிகழ்ச்சிக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான் இந்த மாத உரைக்குக் காரணம். ஸ்காபுறோவில் இருந்து பேசிய ஓர் அம்மா, எக்ஸிபிஷன் பிளேசில் நடந்த கார்ப் பந்தயத்துக்குப் பேரன் போய் வந்ததையும், கைத்தொலைபேசியில் அவன் எடுத்து வந்த படங்களையும் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, கார் நல்லாய்த்தான் விழுந்திருக்குது. ஆனால் சில்லு வட்டமாய் இல்லை. முட்டை மாதிரிச் சரிஞ்சு கிடக்குது. போன் பழுதோ?"

போன் பழுதில்லை அம்மா என்று அன்றைக்குச் சுருக்கமாகச் சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டோம். நிகழ்ச்சி நேரம் அவ்வளவுதான் இடம் தந்தது. ஆனால் அந்த முட்டைச் சில்லுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. அதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை இப்போது ஆறுதலாகப் பார்ப்போம்.

நான் தொழிலால் கணக்காளன். ஆகவே கணக்கில் இருந்தே தொடங்குகிறேன். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனுக்கு 50 மீற்றர் போகிறது. கமராவின் ஷட்டர் ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அந்த இடைவெளிக்குள் கார் 83 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்தால் 5 சென்ரிமீற்றர் நகரும். ஓடும் வாகனத்தைப் படமெடுத்தவர்களின் சிரமம் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கார் நகர்ந்தே தீரும். அந்த நகர்வைப் படத்தில் எங்கே காட்டுவது, எங்கே மறைப்பது என்பதே கேள்வி.

கார்கள் வருவதற்கு முன்பே குதிரைகள் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தன. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழும்புமா என்பது அந்தக் காலத்தில் பெரிய விவாதம். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓட்டப் பாதையோரம் 12 கமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடிவரும்போது ஒன்றன்பின் ஒன்றாக இயங்கச் செய்து, எழும்பத்தான் செய்கிறது என்று காட்டினார். அதுவரை ஓவியர்கள் வரைந்து வந்த பாய்ச்சல் குதிரை பிழையானது என்பதும் அன்றைக்கே தெரிய வந்தது. கண் பார்க்காததைக் கமரா பார்க்கும் என்ற நம்பிக்கை அப்போது உறுதிப்பட்டது. அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கார் பந்தயம் காட்டிக் கொடுத்தது.

1906இல் பிரான்சின் லு மான் நகரில் முதலாவது கிராண்ட் பிறீ பந்தயம் நடந்தது. அதை அடுத்த ஆண்டுகளில் பிரெஞ்சுப் பந்தயங்களுக்குக் கமராவோடு போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் ஜாக் ஆன்றி லார்த்திக். 1894இல் பிறந்த வசதியான வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் இருந்தே படம் எடுத்து அல்பத்தில் ஒட்டி வந்தவர். அவர் எடுத்த ஒரு படத்தில் 6ஆம் இலக்கக் கார் வலப்பக்கமாகப் பாய்கிறது. காரின் ஒரு பகுதி சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது. சில்லு முன்னுக்குச் சாய்ந்த முட்டை வடிவம். தெருவோரம் நிற்கும் மனிதர்களும் கம்பங்களுமோ எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறார்கள். புயல் அடித்தது போல ஒரு தோற்றம்.

இது எப்படி நேர்ந்தது? அன்றைய கமராக்களில் ஒளி விழும் கண்ணாடித் தட்டுக்கு மிக அருகில் ஒரு கறுப்புத் துணித்திரை இருந்தது. திரையில் ஒடுங்கிய ஒரு பிளவு. பொத்தானை அமத்தினால் அந்தப் பிளவு தட்டின் குறுக்கே நகர்ந்து செல்லும். ஆக, முழுப் படமும் ஒரே கணத்தில் பதிவதில்லை. கீற்றுக் கீற்றாகப் பதிகிறது. லார்த்திக்கின் படத்தில் சில்லின் அடிப்பாகம் முதலில் பதிந்திருக்கிறது. மேற்பாகம் பதியும்போது கார் முன்னுக்குப் போய்விட்டது. அதனால் சில்லு முன்னுக்குச் சரிந்தது. அதே நேரம் அவர் கமராவையும் காரின் திசையில் திருப்பிக்கொண்டிருந்தார். ஆனால் காரின் வேகத்துக்கு அவரது திருப்பல் ஈடுகொடுக்கவில்லை. கமரா திரும்பியதால் அசையாமல் நின்ற மனிதர்கள் பின்னுக்குச் சரிந்தார்கள். ஒரே படத்தில் இரண்டு சாய்வு வந்ததன் காரணம் இதுதான்.

இந்தப் படம் பல ஆண்டுகள் அல்பத்துக்குள்ளேயே கிடந்தது. 1963இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் லார்த்திக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு 69 வயது. அதன் பிறகு 6ஆம் இலக்கக் கார் புகைப்பட வரலாற்று நூல்கள் பலவற்றிலும் இடம்பிடித்தது.

லார்த்திக்கிடம் மட்டும் நிகழ்ந்த விந்தை அல்ல இது. பிளவுத் திரைக் கமரா வைத்திருந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பலருக்கும் சில்லு இப்படித்தான் சாய்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சித்திரக்காரர்களும் வேகமாக ஓடும் காரை வரையும்போது சில்லை முன்னுக்குச் சாய்த்து வரையத் தொடங்கினார்கள். நாம் சிறுவயதில் வாசித்த படக்கதைகளில் வரும் கார்களை நினைத்துப் பாருங்கள். எந்தச் சில்லும் உண்மையில் அப்படிச் சாய்வதில்லை. கருவியின் ஒரு குறைபாடு, வேகத்தின் அடையாளமாக நம் எல்லோருடைய மனதிலும் பதிந்துவிட்டது.

1925இல் லைக்கா என்ற சிறிய கமரா விற்பனைக்கு வந்தது. அதில் திரை குறுக்காக ஓடியது. அப்போது சாய்வு போய் வேறொன்று வந்தது. திரை ஓடும் திசையிலேயே காரின் பிம்பமும் ஓடினால் கார் சற்று நீண்டு தெரியும். எதிர்த் திசையில் ஓடினால் குறுகித் தெரியும். ஒரே கார், ஒரே வேகம். எந்தப் பக்கத்துத் தெருவோரத்தில் நின்று எடுத்தோம் என்பதைப் பொறுத்து நீளம் மாறியது.

இனி, கமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பும் முறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதைப் பானிங் என்பார்கள். கார் தூரத்தில் வரும்போதே அதைக் கமராவுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் படம் எடுக்கப் போகிறோமோ அந்தப் பக்கம் பாதங்களை ஊன்றி, இடுப்பில் இருந்து திரும்பிக் காரைத் தொடர வேண்டும். கார் நேரே வரும்போது பொத்தானை அமத்திவிட்டு, அமத்திய பிறகும் திருப்பலை நிறுத்தாமல் தொடர வேண்டும். கிரிக்கெற்றில் பந்தை அடித்த பிறகும் மட்டை தன் வழியே போய் முடிவது போல. இப்படிச் செய்தால் கமராவைப் பொறுத்தவரை கார் அசையாமல் நிற்கிறது, உலகம்தான் ஓடுகிறது. கார் தெளிவாக விழும். பின்னால் உள்ள மதிலும் மரமும் கோடுகளாக இழுபடும்.

இதற்கு ஷட்டர் மெதுவாக இருக்க வேண்டும். முப்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று, நூற்றியிருபத்தைந்தில் ஒன்று என்ற அளவுகள். 1961இல் வந்த கொடாக்குறோம் வண்ண பிலிமின் உணர்திறன் எண் வெறும் 25. மேகமூட்டமான நாளில் அந்த பிலிமைப் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே வண்ணப்படம் வேண்டும் என்றவர்கள் விரும்பியோ விரும்பாமலோ கமராவைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் பிலிமின் உணர்திறன் கூடியது, ஷட்டரும் விரைவானது. அப்போதும் அவர்கள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஏன்?

சில்லைப் பார்த்தால் விடை தெரியும். பந்தயக் காரின் ரயர் ஒரு தடவை உருண்டால் ஏறத்தாழ 2 மீற்றர் போகும். மணிக்கு 180 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு 25 தடவை சுற்றுகிறது. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது திரும்புவது நாலரைப் பாகை மட்டுமே. படத்தில் ஆரங்கள், ரயரில் உள்ள எழுத்துகள் எல்லாம் துல்லியமாக விழும். விழுந்து என்ன பயன்? கார் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுப் போனது போல இருக்கும். நூற்றியிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் அதே சில்லு ஐந்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அப்போதுதான் பார்க்கிறவருக்கு அது உருள்வது தெரியும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. ஐந்தொகை என்பது ஒரு குறித்த திகதியில் உள்ள நிலை. இலாப நட்டக் கணக்கு என்பது ஒரு காலப்பகுதியில் நடந்தது. ஐந்தொகையை மட்டும் பார்த்தவருக்கு, என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் என்று தெரியும். வியாபாரம் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது தெரியாது. அதிவேக ஷட்டர் எடுப்பது ஐந்தொகை. மெதுவான ஷட்டரோடு திருப்பி எடுப்பது இலாப நட்டக் கணக்கு. இரண்டும் உண்மைதான். ஆனால் ஒன்று சொல்வதை மற்றது சொல்லாது.

அடுத்தது, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பது. தொலைதூர லென்ஸ்கள் பரவலாக வருவதற்கு முன்னர் காரைப் பெரிதாகக் காட்ட ஒரே வழி கிட்டப் போவதுதான். தெருவோரப் புல்லில், கார் தொட்டுவிடும் தூரத்தில் நின்றார்கள். இங்கிலாந்தின் லூயி கிளெமன்ராஸ்கி அதற்கும் மேலே போய்க் காருக்குள்ளேயே ஏறிவிட்டார். 1957இல் இத்தாலியின் மில்லே மில்லியா என்ற ஆயிரம் மைல் பந்தயத்தில் பீற்றர் கொலின்ஸ் ஓட்டிய பெராரியில் வழிகாட்டியாகப் பக்கத்தில் அமர்ந்து, கையில் கமராவும் வைத்திருந்தார். ஓட்டுநரின் கைகளும் திசைமாற்றியும் தெளிவாக இருக்க, தெரு மட்டும் பாய்ந்தோடும் படங்கள் அப்படிக் கிடைத்தன. கார் ஓடும்போது கமராவும் கூடவே ஓடுவதால் தானாகவே அமைந்த பானிங் அது.

அவர்களுடைய கார் இடையில் பழுதாகி நின்றது. அதே பந்தயத்தில் இன்னொரு பெராரி தெருவை விட்டுப் பாய்ந்ததில் ஓட்டுநரும் துணைவரும், தெருவோரம் நின்ற ஒன்பது பார்வையாளர்களும் இறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஐவர் சிறுவர்கள். பொதுத் தெருவில் அந்தப் பந்தயம் அத்தோடு முடிவுக்கு வந்தது. பந்தயங்கள் மெல்ல மெல்ல மூடிய ஓடுபாதைகளுக்குள் போயின.

நம்முடைய ஒன்ராறியோவில் பௌமன்வில்லுக்கு வடக்கே மொஸ்போட் ஓடுபாதை 1961இல் திறக்கப்பட்டது. கனடாவின் முதலாவது போர்முலா வண் கிராண்ட் பிறீ 1967 ஓகஸ்ட் 27இல் அங்கேதான் மழைக்கு நடுவே நடந்தது. ஜாக் பிராபம் வென்றார். 1977க்குப் பிறகு அந்தப் போட்டி மொன்றியலுக்குப் போய்விட்டாலும் ஓடுபாதை இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. மேடு பள்ளமும் பத்து வளைவுகளும் கொண்ட இடம். மேட்டில் நின்றால் காரை மேலிருந்து பார்த்துத் திருப்பி எடுக்கலாம்.

இடம் மாறினால் முறையும் மாறும். நாம் பிறந்த மண்ணில் நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அங்கே கார்கள் ஒவ்வொன்றாக வரும். வளைவில் வேகம் குறையும். வளைவின் ஓரத்தில் ஒரு கல்லையோ புல்லையோ குறித்து, அதற்கு முன்கூட்டியே குவியம் வைத்துக் காத்திருந்தால் போதும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. அது தட்டையான நிலம். வெயில் ஏற ஏறத் தாருக்கு மேல் சூடான காற்று அலையும் இப்படிப்பட்ட இடத்தில், தொலைதூர லென்ஸ் காரோடு அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயம் நடந்தபோது வெயில் போய், மின்விளக்கு வெளிச்சம் ஒரு புதிய கணக்காக வந்தது.

1959இல் வந்த நிக்கோன் எஃப் கமராவோடு பிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டாரையும் பொருத்தலாம். செக்கனுக்கு நான்கு படம் என்று வைத்துக்கொண்டால், 36 படச் சுருள் 9 செக்கனில் முடிந்துவிடும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1985இல் மினோல்ட்டா தானாகக் குவியம் வைக்கும் கமராவை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. தொலைதூர லென்ஸ்களும் மேம்பட்டன. படப்பிடிப்பாளர் பின்னுக்குப் போகலாம், மதிலுக்கு அப்பால் நிற்கலாம் என்ற நிலை வந்தது. உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. தூரத்தில் இருந்து பெரிதாக்கி எடுத்தால் முன்னும் பின்னும் வரும் கார்கள் ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தெரியும். நேரே நம்மை நோக்கி வரும் கார் படத்தில் அதிகம் நகர்வதில்லை, ஆகவே வேகமும் தெரிவதில்லை. கிட்ட நின்றவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காட்டிய வேகத்தை, தூர நின்றவர்கள் பானிங் மூலம் மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

ரொறன்ரோ நகரத்து இண்டி பந்தயம் 1986இல் எக்ஸிபிஷன் பிளேசில் தொடங்கியது. வழக்கமான நாட்களில் நாம் காரில் போகும் லேக் ஷோர் தெருவே பந்தயப் பாதையாக இருந்தது. இரு பக்கமும் கொங்கிறீற்று மதில். அதற்கு மேல் கம்பிவலை. படம் எடுப்பவர்கள் லென்ஸை வலைக்கு மிக அருகில் கொண்டு போய், லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைப்பார்கள். அப்போது கம்பி குவியத்துக்கு வெளியே போய், மெல்லிய புகைபோலக் கரைந்துவிடும். படத்தில் வலையே இருக்காது.

வலை இல்லாத படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வலை அங்கே ஏன் இருந்தது என்பதை ரொறன்ரோ மறக்கக் கூடாது. 1996 யூலை 14இல், பந்தயம் முடியும் தறுவாயில், லேக் ஷோர் நேர்ப்பாதையின் முடிவில் ஜெஃப் குரோஸ்னொஃப் ஓட்டிய கார் இன்னொரு காரின் சில்லில் ஏறி ஆகாயத்தில் எழும்பி வலையில் மோதியது. அவர் இறந்தார். பாதையோரம் கடமையில் நின்ற ஒரு தன்னார்வ மார்ஷலும் இறந்தார். அந்த நேர்ப்பாதையில் கார்கள் மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போயின. அதாவது செக்கனுக்கு 70 மீற்றர். ஒருவர் திரும்பிப் பார்த்து முடிப்பதற்குள் கார் வந்துவிடும்.

வேகத்தை மறைக்கும் படத்தில் எனக்கு மனக்குறை இருப்பது இதனால்தான். ரயர் எழுத்து வரை தெளிவாக விழுந்த படங்களையே பார்த்து வளரும் பிள்ளைக்கு, இது ஏதோ அமைதியான விளையாட்டு என்ற எண்ணம் வரும். சில்லு சுழல்வதும் பின்னணி இழுபடுவதும் உள்ள படம், அங்கே நிற்பவர்கள் எதற்கு அருகில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சம்பளம் வாங்காமல் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவர்கள் முன்னால் ஓடுவது என்ன வேகம் என்பதை மறைக்காமல் காட்டுவதுதான்.

இப்போது ஸ்காபுறோ அம்மாவின் கேள்விக்கு முழு விடை. கைத்தொலைபேசியில் துணித்திரை இல்லை. ஆனால் அதன் ஒளி உணரி பெரும்பாலும் படத்தை ஒரே தடவையில் வாசிப்பதில்லை. வரி வரியாக வாசிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கார் நகர்ந்துவிடுகிறது. ஆகவே லார்த்திக்கின் முட்டைச் சில்லு திரும்பவும் வந்துவிட்டது. போனை எப்படிப் பிடித்தோம் என்பதைப் பொறுத்து அது முன்னுக்கோ பின்னுக்கோ சாயும். நூறாண்டுக்கு முந்திய அதே குறை, வேறு கருவியில்.

இந்தக் குறை இல்லாத கமராவும் வந்துவிட்டது. 2023 நவம்பரில் சோனி நிறுவனம் அறிவித்த ஒரு கமரா, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவுசெய்கிறது. அதன் அதிவேக ஷட்டர் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. செக்கனுக்கு 50 மீற்றர் ஓடும் கார் அந்த நேரத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட நகராது. ஆனாலும் அப்படிப்பட்ட கமராவை வைத்திருப்பவரும், ஓட்டத்தைக் காட்ட வேண்டும் என்றால் ஷட்டரை அறுபதில் ஒன்றுக்கு இறக்கிவிட்டுக் காரோடு சேர்ந்து திரும்பத்தான் வேண்டும்.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பந்தயம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஃபிஞ்ச் தெருவில் நடைபாதையில் பாதுகாப்பாக நின்றுகொண்டு பஸ்ஸைப் பிடியுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு 14 மீற்றர் போகிறது. முதலில் நூற்றியிருபத்தைந்தில் ஒன்று வைத்துப் பாருங்கள். கை பழகியதும் அறுபது, பிறகு முப்பது. பத்துப் படத்தில் ஒன்று சரியாக வந்தால் நல்ல விளைச்சல்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2026இல் இருந்து ரொறன்ரோ இண்டி மார்க்கம் நகருக்கு மாறும் என்று 2025இல் அறிவித்தார்கள். நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. எக்ஸிபிஷன் பிளேசில் 1986 தொடக்கம் 2025 வரை எடுத்த படங்கள் நம் வீடுகளில் அல்பங்களிலும் பழைய கணினிகளிலும் கிடக்கும். தயவுசெய்து அவற்றை எடுத்து, எந்த ஆண்டு, எந்த வளைவு, எத்தனையாம் இலக்கக் கார், யார் எடுத்தது என்று எழுதி வையுங்கள். லார்த்திக்கின் புகழ்பெற்ற படத்துக்கே 1912 என்று ஒரு நூலிலும் 1913 என்று இன்னொரு நூலிலும் இருக்கிறது. வவுச்சர் இல்லாத பதிவை எந்தக் கணக்காளரும் ஏற்பதில்லை. சாய்ந்த சில்லானாலும் சரி, திகதி எழுதிய படம் நாளைக்குச் சாட்சி சொல்லும்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.